மரக்காணத்தில் நான் விழுங்கிய சொல்

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கிருந்து மரக்காணம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஊரில் முதன்முதலாகக் கால் வைத்தது ஐம்பத்திரண்டாம் வயதில், அதுவும் பாரீஸிலிருந்து விமானம் ஏறி வந்து. சின்ன வயதில் சென்னைக்குப் போனதெல்லாம் திண்டிவனம் வழியாகத்தான். கடற்கரைச் சாலை சரியாவதற்குள் நான் கல்யாணமாகி பிரான்ஸ் போய்விட்டேன். எங்கள் வீட்டுக் குழம்பில் தினமும் விழுந்த உப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

2006ஆம் ஆண்டை உலக நாடுகள் கூடிப் பாலைவன ஆண்டு என்று அறிவித்திருந்தன. நிலம் வறண்டு பாழாவதைத் தடுக்க நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும் என்று எங்கும் பேச்சு. கைகொடுப்பதற்கு முன்னால் பேசிக்கொள்ள வேண்டுமே, அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள். பாரீஸ் புறநகரில் ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் தமிழர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த என்னை ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் கூப்பிட்டது. செனெகல் நாட்டிலிருந்து ஒரு விவசாயப் பெண்ணை மரக்காணத்துக்கு அழைத்துப் போகிறோம், மூன்று நாள் வேலை, பிரெஞ்சும் தமிழும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். "தமிழ் எனக்குத் தாய்மொழி. நீங்கள் கவலையே பட வேண்டாம்" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த விவசாயப் பெண்ணின் பெயர் ஆவா. நாற்பத்தைந்து வயதிருக்கும். நெடுநெடுவென்ற உயரம், தலையில் பூப்போட்ட துணிக்கட்டு, தோள்பையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. அவருடைய ஊர் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறதாம். பல வருஷம் மழை பொய்த்ததில் ஆற்றுக்கு வேகம் போய்விட்டது. அது பின்வாங்கப் பின்வாங்கக் கடல் உள்ளே ஏறி வந்தது. நெல் வயல்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. அந்த ஊரில் நெல் பயிரிடுவது பெண்களின் வேலை. அவர்கள் தங்கள் தங்கள் வீட்டில் மிச்சமிருந்த விதையைக் கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டியிருந்தார்கள். வருகிற மழைக்கு ஒரே ஒரு முறை விதைத்துப் பார்ப்பது, முடியாவிட்டால் அந்த நிலத்தையே விட்டுவிடுவது என்று முடிவு.

சுனாமியில் உப்புநீர் புகுந்து கெட்டுப்போன வயலை மரக்காணத்துப் பக்கம் ஒரே வருஷத்தில் ஒருவர் மீட்டு நெல் அறுத்துவிட்டார் என்று அந்தத் தொண்டு நிறுவனத்தின் மூலம் ஆவாவின் காதுக்கு எட்டியிருந்தது. "நான் போய் என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். அதுவரை விதையைத் தொடாதீர்கள்" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.

எங்களுக்குத் தலைவராக வந்தவர் எத்தியேன் என்ற பிரெஞ்சு இளைஞர். கெட்டவர் இல்லை. கைக்கடிகாரத்துக்கு மட்டும் அடிமை.

மே மாதம். முதல் நாள் காலை புதுச்சேரியில் வண்டி ஏறினோம். ஓட்டுநர் சலீம் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். ஆவாவின் தலைக்கட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஒரு ஸலாம் வைத்தார். ஆவா பளிச்சென்று பதில் ஸலாம் சொன்னதும் பாய்க்குத் தலைகால் புரியவில்லை. "ஆப்பா நம்மாளுங்களா மேடம்? மாஷா அல்லாஹ்! மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். ஆப்பா என்றால் அக்கா. அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. பாய் உருதுவும் தமிழும் கலந்து எதையோ சொல்வார், ஆவா பிரெஞ்சில் பதில் சொல்வார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த மூன்று நாளில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடந்த பேச்சு எதுவும் தப்பாகப் போகவில்லை.

கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் ஏ.சி. மூச்சை நிறுத்திக்கொண்டது. பெரிய முதலியார்சாவடி கிட்டே டயர் பஞ்சர். பாய் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது நாங்கள் சாலையோரத் தர்பூசணிக் குவியல் பக்கம் ஒதுங்கினோம். எத்தியேன் வெட்டி வைத்த துண்டுகளைப் பாட்டில் தண்ணீரில் கழுவிச் சாப்பிட்டார். ஆவா ஒவ்வொரு காயாக எடுத்துக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்த்தார். நாலைந்தை ஒதுக்கிவிட்டு ஒன்றை நீட்டினார். வெட்டியதும் ரத்தச் சிவப்பு.

கடைக்காரப் பெண் அசந்துவிட்டார். "இந்தம்மாவுக்கு எந்த ஊருங்க? என்னைய விட நல்லா பாக்குதே!"

நான் மொழிபெயர்த்ததும் ஆவா சொன்னார்: "பழம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் பேசுகிறது. மனிதர்களுக்குத்தான் நீங்கள் வேண்டியிருக்கிறது." எனக்குப் பெருமையாக இருந்தது.

உப்பளம் வந்ததும் கண் கூசியது. சாலையின் ஓரமாக, கண்ணுக்கு எட்டிய வரை கட்டம் கட்டமாகப் பாத்திகள், வரப்பு ஓரமெல்லாம் வெள்ளைக் குவியல்கள். சில குவியல்களுக்குக் கீற்று வேய்ந்து மழைக்கு மூடியிருந்தார்கள். ஒரு மரம் இல்லை. எத்தியேன் இறங்கியதும் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். "உண்மையான பாலைவனம் இதுதான்" என்றார். நீளக் கொம்பு மாட்டிய பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அதை அப்படியே சொன்னேன்.

"பாலைவனமா? இது எங்க வயலுங்க" என்றார் அந்தப் பெண். பெயர் அஞ்சலை.

எத்தியேன் நோட்டைத் திறந்தார். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் கடும் வறட்சி இருந்ததாமே, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்.

"அதுவா? அது நல்ல வருஷம்ங்க" என்றார் அஞ்சலை. "சொட்டு மழை இல்ல. வாரிக்கினே இருந்தோம். இந்தப் பாத்தியில அப்படி வெளைஞ்சுது."

எத்தியேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேள்வி சரியாகப் போய்ச் சேர்ந்ததா, திரும்பக் கேளுங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கேட்டேன். அதே பதில்தான் வந்தது. மழை பெய்தால் உப்பு கரைந்து பிழைப்பு போய்விடும், வறட்சிதான் அவர்களுக்கு அறுவடைக் காலம் என்று புரிந்ததும் ஆவா வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு எத்தியேனுக்கு என் மேல் வந்த சந்தேகம் மூன்றாம் நாளும் வந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

பக்கத்துப் பாத்தியில் நின்றிருந்தவர்தான் நாங்கள் தேடி வந்த கோதண்டம். ஒல்லியான மனிதர், முழங்காலுக்குக் கீழே தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மழைக்காலத்தில் கழுவெளி ஏரிக் கரையில் சொந்த வயலில் நெல், வெயில் காலத்தில் இங்கே உப்பு. அவர் தன் நிலைமையை இப்படிச் சொன்னார்: "ஐப்பசியில மழை வேணும்னு கும்புடுவேன். சித்திரையில வேணாம்னு கும்புடுவேன். என்னைக் கண்டாலே சாமிக்குக் கொழம்பிடும்."

இரண்டாம் நாள் காலை அவருடைய வயலுக்குப் போனோம். ஏரி வற்றி விரிசல் விட்டுக் கிடந்தது. தூரத்தில் பெருமுக்கல் மலை வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. வயலில் அறுத்த தாள்கள் மட்டும் நின்றன. ஆவா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். ஒரு கட்டி மண்ணை உடைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கோதண்டம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு கட்டியை உடைத்து நாக்கில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

"சுனாமி அன்னிக்கு முழங்காலு வரைக்கும் கடல் தண்ணி நின்னுது" என்றார் கோதண்டம். "வத்தினப்புறம் பாத்தா தரையெல்லாம் உப்பு பூத்துக் கெடக்குது. அவ்ளோதான், இனிமே இதுல ஒண்ணும் வெளையாதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. போன வருஷம் பேஞ்ச பேய் மழையில கழுவி எடுத்தேன். தை கடைசியில அறுத்துட்டேன்."

எப்படிக் கழுவினீர்கள் என்று ஆவா கேட்பதற்குள் எத்தியேன் கடிகாரத்தைக் காட்டினார். மத்தியானம் கூட்டம் இருந்தது. "நாளைக்குக் காத்தால உப்பளத்துக்கு வாங்க, ஒக்காந்து வெவரமா சொல்றேன்" என்றார் கோதண்டம்.

சாப்பாடு அவர் வீட்டில். அவர் மனைவி கஸ்தூரி சோறும் மீன் குழம்பும், கூடவே புளிச்சக்கீரை கடைசலும் செய்திருந்தார். ஆவா கீரையை விரல் நுனியில் தொட்டு வாயில் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து நேராக அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த கீரைக் கட்டை எடுத்துத் தண்டையும் இலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கள் கீரை!" என்று கத்தினார். அவர்கள் ஊரில் மீன் சோற்றின் மேல் இதைத்தான் கடைந்து வைப்பார்களாம், இதன் பூவில் சர்பத் போடுவார்களாம்.

கஸ்தூரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார். "கடலைத் தாண்டி வந்து புளிச்சக்கீரைய துன்னுதே இந்தப் பொண்ணு!" அன்று ஆவா மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டார். பாரீஸில் நான் இந்தக் கீரைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிரிக்கர் கடைத்தெருவுக்குத்தான் போவேன். அங்கே யாருடனும் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை.

மத்தியானக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் பேனர்: 'பாலைவனக் குழுவே வருக வருக.' எங்களுக்குச் சால்வை போட்டார்கள். நாற்பது டிகிரி வெயிலில் சால்வை. பிறகு பேச்சுகள். நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு, மண்வளம், வருங்காலத் தலைமுறை என்று ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார். நான் அத்தனையையும் ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். மேடையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது சுகமாக இருந்தது. கடைசியில் குழுப் படம். நான்கு மணி நேரம் போயிருந்தது. கோதண்டம் உட்கார்ந்து பேச அந்த நான்கு மணி நேரத்தில் பாதி போதும். எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது ஆவா நோட்டைத் திறந்து காட்டினார். நாலு கேள்வி எழுதியிருந்தார். முதல் கேள்விக்குக் கீழே இரண்டு கோடு. நெல் விடும் பாத்தியின் அடியை எப்படித் தயார் செய்கிறார்? "எங்கள் ஊரில் உப்பு மேலேயிருந்து வருவதில்லை, கீழேயிருந்து ஏறுகிறது. அதனால் எனக்கு அடிதான் முக்கியம்" என்றார்.

மூன்றாம் நாள் எல்லாம் அவசரம். இரவு சென்னையில் விமானம். காலையில் சீக்கிரம் கிளம்பித்தான் உப்பளத்துக்குப் போனோம். உள்ளே போகும் வரப்புச் சாலையின் பாதியில் வண்டியின் பின்சக்கரம் ஒரு பக்கமாகச் சேற்றில் இறங்கிவிட்டது. சலீம் பாய் முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. "யா அல்லாஹ், இதுக்கு மேல ஆக்ஸிலேட்டர் குடுத்தா வண்டி பாதாளத்துக்குப் போயிடும் மேடம்" என்று கீழே இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டார். அஞ்சலையும் கோதண்டமும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்து, பலகை கொடுத்து, தள்ளி, தூக்கி, இரண்டு மணி நேரம் கழித்து வண்டி மேலே ஏறியது. எத்தியேனின் வெள்ளைச் சட்டை இருந்த நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்து பேச நேரமில்லை, இப்படியே விமான நிலையம் போனால்தான் உண்டு என்றார்.

ஆவா நகரவில்லை. நோட்டைப் பிடித்துக்கொண்டு கோதண்டத்தின் முன்னால் போய் நின்றார். "ஒரு கேள்வி மட்டும்" என்றார் என்னிடம். நெல் விடும் பாத்தியின் அடியை எப்படித் தயார் செய்கிறார் என்று கேளுங்கள்.

எனக்கு வியர்வை வழிந்துகொண்டிருந்தது. பின்னால் எத்தியேன் ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நெல்லைப் பற்றிக் கேட்கத்தானே வந்திருக்கிறோம், அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று தோன்றியிருக்க வேண்டும். அல்லது எதுவுமே தோன்றவில்லை. நான் கேட்டது இது: "பாத்தியோட அடியை எப்படிங்க ரெடி பண்றீங்க?"

கோதண்டம் பாத்தியில்தான் நின்றிருந்தார். வெறுங்காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "மிதிக்கணும்மா. அதான் மெயினு. ஆளுங்க வரிசையா நின்னு, குதிகால் போட்டு மிதிச்சிக்கினே போவணும். கல்லாட்டம் ஆவணும் அடி. அப்புறம் தண்ணி வுட்டு, அப்படியே காய வுடணும். திரும்ப வுட்டு, திரும்பக் காய வுடணும். மூணு தபா. அப்பத்தான் நல்லா வெளையும்."

நான் மொழிபெயர்த்தேன். மிதித்தல், குதிகால், கல் போல, மூன்று முறை, நல்ல விளைச்சல். ஒன்றும் விடவில்லை. ஆவா எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். நெற்றி சுருங்கியது.

"காய விட வேண்டுமா? எங்கள் பக்கம் காய்ந்தால்தான் உப்பு மேலே வரும். இது நெல் வயலுக்குத்தானே சொல்கிறார்?"

இந்தக் கேள்வியை நான் கோதண்டத்திடம் கேட்கவில்லை. நானே பதில் சொன்னேன். "ஆமாம், அதைத்தானே கேட்டோம்" என்றேன். போதாததற்கு, "அவர் செய்து காட்டியவர், அவருக்குத் தெரியும்" என்றும் சேர்த்துக்கொண்டேன். ஆவா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து மிச்சத்தையும் எழுதினார். கோதண்டத்தின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். வண்டி கிளம்பியது. மரக்காணம் எல்லை தாண்டுவதற்குள்ளேயே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

நவம்பர் மாதம் எத்தியேன் மூலமாக ஆவாவின் கடிதம் வந்தது. கோதண்டத்துக்கு எழுதியது, தமிழில் சொல்லும்படி எனக்கு. அதை இங்கே தமிழில் தருகிறேன்:

"அண்ணா, நீங்களும் கஸ்தூரியும் நலமா? வீடு நலமா? மழை வந்ததா? நீங்கள் சொன்னபடியே செய்தோம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று மிதித்தோம். பாட்டுப் பாடிக்கொண்டே பத்து நாள் மிதித்தோம். முதல் மழையைத் தேக்கிக் காய விட்டோம். மூன்று முறையும் செய்தோம். பிறகு நட்ட நாற்று ஒரு வாரத்தில் கருகிவிட்டது. நிலம் முன்பை விட வெளுத்துவிட்டது. எங்கள் கால் உங்கள் கால் மாதிரி மிதிக்கவில்லை போலிருக்கிறது. அல்லது நான் எதையோ தப்பாகக் கேட்டுக்கொண்டேன். நீங்கள் சொல்லிக் கொடுத்ததை வீணாக்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பெண்கள் வேறு தலைவியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான்."

இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. இவர்கள்தான் எங்கோ சொதப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதை நினைத்த மனம் என்னுடையதுதான். அதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

டிசம்பர் தொடக்கத்தில் அண்ணனின் கண் ஆபரேஷனுக்காகப் புதுச்சேரி வந்தேன். கடிதம் கைப்பையில் இருந்தது. சலீம் பாய்க்கு ஃபோன் போட்டேன். "ஆப்பாவோட லெட்டரா? இதோ வர்றேன் மேடம்" என்று வந்துவிட்டார். வழியெல்லாம் மழை. இரும்பை கிராமத்துப் பக்கம் திரும்பும் சாலையில் தண்ணீர் ஓடியது. மே மாதத்தில் கண்ணைக் கூச வைத்த உப்பளம் முழுக்க ஒரே ஏரியாகக் கிடந்தது. பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. கோதண்டம் வயலில் இருந்தார். பயிர் முழங்கால் உயரம் நின்றது. அப்படி ஒரு பச்சை. தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வரப்போரம் வந்தார்.

குடையின் கீழே நின்று கடிதத்தை வாசித்தேன். மிதித்தோம் என்ற இடம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. மூன்று முறை காய விட்டோம் என்ற இடம் வந்ததும் தலையாட்டினார். "கரெக்டா செஞ்சிருக்காங்களே! அப்ப உப்பு நல்லா புடிச்சிருக்குமே" என்றார்.

"உப்பா?" என்றேன்.

"ஆமா, உப்புதான். பாத்தி கட்டுறது எப்படின்னு நீங்கதான கேட்டீங்க? அடிய கல்லு மாதிரி மிதிச்சாத்தான தண்ணி கீழ எறங்காது. காஞ்சாத்தான உப்பு நிக்கும்." பேசிக்கொண்டே வந்தவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, இவங்க இன்னா, நாத்து நட்டோம்னு எழுதியிருக்காங்க?"

நான் கடிதத்தை மடித்தேன். அவருக்கே புரிந்துவிட்டது. அவர் சாக்கைத் தலையிலிருந்து இழுத்துவிட்டு மழையில் அப்படியே நின்றார். "ஐயோ, அந்தப் பொண்ணு மண்ண வாயில போட்டுப் பாத்துதேம்மா" என்றார். "நெல்லுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா…" திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

உப்பு விளைகிறது என்றுதான் தமிழில் சொல்வோம். உப்புக்கும் பாத்தி, நெல்லுக்கும் பாத்தி. இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பாஷை தெரியாதவள் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது, அவள் அகராதியைப் புரட்டியிருப்பாள், இரண்டாம் முறை கேட்டிருப்பாள். தாய்மொழி என்ற திமிர் இருந்ததால்தான் நான் கேட்கவில்லை.

கடிதத்தின் அடியில் ஆவா ஒரு ஃபோன் நம்பர் எழுதியிருந்தார். நேரமாக நேரமாக என்னால் அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல முடியாமல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். மரக்காணம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனோம். கோதண்டமும் ஈர வேட்டியோடு கூடவே வந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கியடித்து நின்றோம். மூன்றாம் தடவைதான் மணி அடித்தது.

ஆவா வழக்கம்போல் ஒவ்வொருவராக விசாரித்தார். என் கணவர், என் அண்ணன், சலீம் பாய், கஸ்தூரி, மழை. இடையில் புகுந்து சொல்ல முடியவில்லை. கடைசியில் அவரே நிறுத்தினார். நான் சொன்னேன். நெல் என்ற சொல்லை நான் கேள்வியில் சேர்க்கவில்லை, அவர் உப்புப் பாத்தியைப் பற்றிப் பதில் சொன்னார், நீங்கள் செய்தது எல்லாம் சரி, தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன்.

"அன்றைக்கு நான் உங்களைத் திரும்பக் கேட்டேன்" என்றார் ஆவா. "இது நெல் வயலுக்குத்தானே என்று. கேட்டேன் அல்லவா?"

"கேட்டீர்கள்."

"இத்தனை மாதமாக, நான் கேட்காமல் விட்டுவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

கோதண்டம் என் கையைத் தட்டினார். "இன்னாம்மா சொல்றாங்க? நெல்லுக்கு இன்னா பண்ணணும்னு மொதல்ல சொல்லுங்க. அடிய மிதிக்கவே கூடாது. கெளறி வுடணும். மழைத் தண்ணிய நிறுத்தி, ரெண்டு நாள்ல வடிச்சு வுடணும். திரும்ப நிறுத்தி, திரும்ப வடிக்கணும். காய வுடவே கூடாது, காய வுடவே கூடாதுன்னு ரெண்டு தபா சொல்லுங்க." நான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் இது நெல்லுக்குத்தானே என்று அவரிடம் திரும்பக் கேட்டேன். அவர் பொறுமையாக ஆமாம் ஆமாம் என்றார். ஆவா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எழுதினாரா என்று தெரியவில்லை. "எங்களிடம் விதை இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

"பெண்கள் எல்லாருக்கும் நான் கடிதம் எழுதுகிறேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி அனுப்புகிறேன்."

"கடிதம் வேண்டாம். நீங்களே வாருங்கள். அவர்கள் முன்னால் நின்று சொல்லுங்கள்."

வருகிறேன் என்றேன்.

"அவர்களுக்கு உங்கள் பிரெஞ்சு புரியாது" என்றார் ஆவா. "நான் மொழிபெயர்க்கிறேன். ஒரு சொல்லையும் விட மாட்டேன்."